நட்ட மரமும் விட்டுவைத்த மரமும்

எங்கள் பக்கம் ஒரு பெண் "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொன்னால், அவள் யானை நடமாடும் இடத்துக்குப் போகிறாள் என்று யாரும் நினைப்பதில்லை. திண்டுக்கல், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம் என்று விரியும் இந்தச் சமவெளியில் காடு என்றால் மானாவாரி நிலம். சோளக்காடு, கடலைக்காடு, மேய்ச்சல்காடு. களை வெட்டப் போவதும் காட்டுக்கு, கதிர் அறுக்கப் போவதும் காட்டுக்கு, வரும்போது தலையில் ஒரு கட்டு விறகோடு வருவதும் காட்டிலிருந்து. காடு வேறு, வேளாண்மை வேறு என்ற பிரிவு இந்தப் பேச்சில் கிடையாது.

அதனால்தான் 'வேளாண் காடு' என்ற கலைச்சொல்லை முதலில் பார்த்தபோது எனக்கு அது கூறியது கூறலாகத் தோன்றியது. வேளாண்மை இல்லாத காடு எங்கள் ஊரில் சுடுகாடு ஒன்றுதான். பயிரும் மரமும் கால்நடையும் ஒரே நிலத்தில் சேர்ந்திருப்பதைப் பற்றிய ஆய்வுத்துறைக்கு இந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். சிலர் 'வேளாண் வனவியல்' என்கிறார்கள். எதுவானாலும் சரி, இரண்டு சொற்களை ஒட்டிச் செய்த பெயர் அது. ஒட்ட வேண்டியிருந்தது என்றால் முன்பு யாரோ பிரித்திருக்கிறார்கள்.

நான் வனவியலோ வேளாண்மையோ படித்தவள் அல்ல, தமிழ் படித்துத் தமிழ் கற்பிக்கிறவள். ஒரு துறைக்குள் போக எனக்குத் தெரிந்த வழி அதன் சொற்கள்தான். வேளாண் காடு என்கிற துறை எப்படி வளர்ந்தது, வளரும்போது யாருடைய உழைப்பைக் கணக்கில் எழுதிக்கொண்டது, யாருடையதை எழுதாமல் விட்டது என்று பார்க்க இந்தக் கட்டுரையில் முயல்கிறேன்.

இரண்டு அலுவலகங்கள்

பிரித்தவர்கள் யார் என்பதில் பெரிய மர்மம் இல்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காப்புக்காடு என்று ஒன்றை வரைந்து, அதற்குள் மேய்ப்பதையும் தழை ஒடிப்பதையும் விறகு எடுப்பதையும் அனுமதி கேட்டுச் செய்ய வேண்டிய காரியங்களாக்கியது. அனுமதி இல்லையென்றால் குற்றம். விறகும் தழையும் எடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எழுதப்படிக்கத் தெரியாத அவர்கள் சட்டத்தை அறிந்துகொண்டது காவலர் வழியாகத்தான். ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் வனத்துறை, இந்தப் பக்கம் வேளாண்துறை. மரம் ஒரு அலுவலகத்துக்கும் பயிர் இன்னொரு அலுவலகத்துக்கும் போனது. பிறகு கல்வியும் அதே கோட்டில் பிரிந்தது. வேளாண் கல்லூரியில் படித்தவருக்கு வயலில் நிற்கும் மரம் ஒரு இடைஞ்சல்; நிழல் விழும், வேர் தண்ணீரை உறிஞ்சும். வனவியல் படித்தவருக்குக் காட்டோரத்தில் விதைக்கப்பட்ட வரகு ஆக்கிரமிப்பு.

காலனிய வனவியலும் ஒருவகையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததுண்டு. 1850களில் பர்மாவில் டீட்ரிக் பிராண்டிஸ் வளர்த்தெடுத்த 'டாங்யா' முறையை வேளாண் காட்டின் முன்னோடி என்று பாடநூல்கள் சொல்கின்றன. மலையில் காடு வெட்டிப் பயிர் செய்த கரேன் மக்கள், பயிருக்கு நடுவில் தேக்குக் கன்று நட்டு, களை எடுத்து, ஓரிரு ஆண்டுகள் கழித்து வேறு இடத்துக்கு நகர வேண்டும். பயிர் அவர்களுக்கு, தேக்கு அரசுக்கு. பாடநூலில் இது ஒரு தொழில்நுட்பம். எனக்கு இது ஓர் ஒப்பந்தம். கன்றை வளர்த்த கைக்கு மரத்தில் பங்கில்லை என்று எழுதாமலே எழுதப்பட்ட ஒப்பந்தம்.

இன்று நாம் அறிந்த வடிவில் துறை பிறந்தது 1970களின் இறுதியில். கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்துக்காக ஜான் பெனே தலைமையில் தயாரான ஓர் அறிக்கை, வெப்பமண்டல நாடுகளில் மரமும் உணவும் மக்களும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைச் சுட்டி, அதை ஆராயத் தனி அமைப்பு வேண்டும் என்றது. அதன் பயனாக 1977இல் ஐக்ராஃப் என்கிற பன்னாட்டு அவை உருவாகி, அடுத்த ஆண்டு கென்யாவின் நைரோபியில் நிலைகொண்டது. 1982இல் துறைக்கென்று ஓர் ஆய்விதழ் வந்தது. அதில் பங்காற்றியவர்களுள் கேரளத்தைச் சேர்ந்த பி. கே. ஆர். நாயர் முக்கியமானவர். காசர்கோட்டில் தென்னைக்கு இடையே ஊடுபயிர் பற்றி ஆராய்ந்தவர், நைரோபிக்கும் பிறகு ஃபுளோரிடாவுக்கும் போனார். 1993இல் அவர் எழுதிய அறிமுக நூல் உலகம் முழுக்க மாணவர்களின் பாடப்புத்தகமானது.

இந்தியாவில் 1979இல் இம்பாலில் தேசியக் கருத்தரங்கு நடந்தது. 1983இல் அகில இந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத்திட்டம் தொடங்கியது. 1988இல் ஜான்சியில் தேசிய ஆய்வு மையம் அமைந்தது. அதே ஆண்டில் கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனமும் வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனவியல் கல்லூரி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. 2014இல் இந்திய அரசு தேசிய வேளாண் காடுகள் கொள்கையை ஏற்றது. இதற்கென்று தனிக்கொள்கை வகுத்த முதல் நாடு என்ற பெயர் நமக்குக் கிடைத்தது.

இந்த வளர்ச்சியில் மதிக்க வேண்டியது நிறைய உண்டு. ஒரு வயலில் ஒரே பயிர்தான் அறிவியல், கலந்து பயிரிடுவது அறியாமை என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கலந்திருப்பதில் அறிவு இருக்கிறது என்று இந்தத் துறை சொன்னது. வேப்பமரத்தடியில் மண் ஏன் குளிர்ந்திருக்கிறது, அகத்தி ஏன் வெற்றிலைக் கொடிக்கால் மண்ணைக் கெடுப்பதில்லை என்று எங்கள் பாட்டிமார் அறிந்திருந்ததை அளந்து காட்டியது. எனக்கு அதில் சண்டை இல்லை. அளக்கக் கையில் எடுத்த முழக்கோல் எது என்பதில்தான் சண்டை.

'வேண்டுமென்றே' என்ற சொல்

துறையின் தொடக்க ஆண்டுகளில் லுண்ட்கிரென், ரெயின்ட்ரீ என்ற இருவர் கொடுத்த வரையறை இன்றும் பாடநூல்களில் நிற்கிறது. அதன் சாரம் இது: பயிரோ கால்நடையோ இருக்கிற அதே நில அலகில், பல்லாண்டு வாழும் மரங்களை வேண்டுமென்றே பயன்படுத்துகிற நிலப்பயன்பாட்டு முறை. மரத்துக்கும் மற்றவற்றுக்கும் இடையே சூழலியல் உறவும் பொருளாதார உறவும் இருக்க வேண்டும்.

முதுகலை மாணவிகளுக்குக் கலைச்சொல்லாக்கம் நடத்தும்போது இந்த வரையறையைத் தமிழாக்கப் பயிற்சியாகக் கொடுத்தேன். 'வேண்டுமென்றே' என்ற இடத்தில் சிலர் 'திட்டமிட்டு' என்று எழுதினார்கள், சிலர் 'கருதிச் செய்து' என்று எழுதினார்கள். குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி எதையும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"எங்க காட்டுல நாலு வேம்பு நிக்குதுங்க மேடம். ஒண்ணையும் யாரும் நடல. காக்கா போட்ட வெதை. ஆனா உழவு ஓட்டுறப்பல்லாம் எங்க அப்பத்தா முன்னால போயி நின்னுக்கிட்டு, கன்னு மேல படாம ஓட்டுடான்னு சொல்லும். ஆடு கடிக்காம முள்ளு வச்சுக் கட்டும். இது வேணும்னு செஞ்சதா, இல்லையாங்க மேடம்?"

வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பிறகு வேறொருத்தி, "நடல, ஆனா விட்டுவச்சிருக்காங்க" என்றாள்.

நாங்கள் தேடிக்கொண்டிருந்த சொல் அதுதான். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு 'வை' என்னும் துணைவினையின் வேலை தெரியும். 'சொன்னான்' வேறு, 'சொல்லிவைத்தான்' வேறு. 'சமைத்தாள்' வேறு, 'சமைத்துவைத்தாள்' வேறு. பின்னால் உதவும் என்று முன்பே செய்வதை 'வை' காட்டுகிறது. 'விட்டாள்' என்றால் கவனியாமல் விட்டாள் என்று பொருள் வரலாம். 'விட்டுவைத்தாள்' என்றால் அதற்குள் ஒரு முடிவும் எதிர்காலமும் இருக்கின்றன. நடுவது ஒருநாள் வேலை. விட்டுவைப்பது ஒவ்வொரு உழவிலும் ஒவ்வொரு கோடையிலும் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் நட்டவருக்குத்தான் மானியமும் புகைப்படமும் கிடைக்கின்றன. விட்டுவைத்தவளுக்குத் திட்டப் படிவத்தில் கட்டம் இல்லை.

விட்டுவைத்தலும் அறிவியல்தான் என்பதை உலகம் ஒப்புக்கொள்ள நைஜர் நாட்டின் உழவர்கள் தேவைப்பட்டார்கள். சகாராவின் தெற்கு விளிம்பில் உள்ள அந்த நாட்டில், வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட கன்றுகள் காய்ந்துகொண்டே இருந்தன. 1980களில் மராடிப் பகுதியில் உழவர்கள், வெட்டிய அடிமரங்களிலிருந்து தானாகத் துளிர்க்கும் கிளைகளைத் தேர்ந்து, கழித்து, விட்டுவைக்கத் தொடங்கினார்கள். அப்படித் திரும்பிவந்த மரங்கள் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் நிற்பதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். இதற்கு இப்போது ஆங்கிலத்தில் நீளமான பெயரும் சுருக்கெழுத்தும் இருக்கின்றன. அந்த மாணவியின் அப்பத்தா அந்தச் சுருக்கெழுத்தை அறியாமலே அதன்படி வாழ்ந்திருக்கிறார்.

ஒரே நில அலகு, ஒரே குடும்பம்

வரையறையில் எனக்கு இடறும் இன்னொரு தொடர் 'அதே நில அலகு'. தாளில் அது நடுநிலையான சொல். ஊரில் அதற்குப் பட்டா என்று பெயர். 2015–16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நிலத்தை நடத்துபவர்களாகப் பதிவானவர்களில் பெண்கள் ஏறக்குறைய 14 சதவீதம் மட்டும். தமிழ்நாடு 1989இலேயே மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சமபங்கு உண்டு என்று சட்டம் திருத்தியது. இந்தியா முழுமைக்கும் அது 2005இல் வந்தது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், பங்கு கேட்கும் மகள் பிறந்த வீட்டு உறவை இழக்க வேண்டியிருக்கும் என்ற பயத்தில் 'விடுதலைப் பத்திரம்' எழுதிக் கொடுக்கிறாள். மரம் நிலத்தோடு சேர்ந்த சொத்து. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மரத்தை விற்கலாம். பயிர் பருவத்துக்குப் பருவம் கைமாறும்; மரமோ இருபது ஆண்டுக்கு உரிமையை இறுக்கிக் கட்டிவிடும்.

காம்பியா என்ற சிறிய மேற்கு ஆப்பிரிக்க நாட்டில் நடந்ததை ரிச்சர்ட் ஷ்ரோடர் விரிவாக எழுதியிருக்கிறார். வறட்சியால் ஆண்களின் வேர்க்கடலைச் சாகுபடி நொடிந்த காலத்தில், பெண்கள் தாழ்நிலங்களில் கிணறு தோண்டிக் காய்கறித் தோட்டம் போட்டார்கள். நிலம் ஆண்களுடையது, பயன்படுத்தும் உரிமை பெண்களுடையது. தோட்டம் செழித்தது, பெண்கள் கையில் காசு வந்தது. பிறகு சூழல் பாதுகாப்பு என்ற பெயரில் அதே தோட்டங்களில் மாவும் ஆரஞ்சும் நடும் திட்டங்கள் வந்தன. மரம் நில உரிமையாளர்களான ஆண்களுக்கு. காய்கறிக்குக் குடம் குடமாக இறைத்து ஊற்றிய பெண்களே மரக்கன்றுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. மரம் வளர்ந்து நிழல் மூடியதும் காய்கறி வராது, பெண்கள் வெளியேற வேண்டும். அவர்கள் சும்மா இருக்கவில்லை. கிளையை வெட்டினார்கள், கன்றைப் பிடுங்கினார்கள், சில இடங்களில் தீயும் வைத்தார்கள். திட்ட அறிக்கை அவர்களை மரத்தின் எதிரிகள் என்று எழுதியிருக்கக்கூடும். அவர்கள் எதிர்த்தது நிழலுக்குள் ஒளிந்திருந்த பட்டாவை.

பயிர், மரம், கால்நடை ஆகியவற்றுக்கு இடையே ஒத்துழைப்பும் போட்டியும் உண்டு என்பதை நுட்பமாக ஆராய்கிற துறை இது. வேருக்கும் வேருக்கும் உள்ள போட்டியை மண்ணைத் தோண்டி அளக்கிறது. ஒரே வீட்டுக்குள் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள போட்டியை மட்டும் 'உழவர் குடும்பம்' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடுகிறது.

இதைத் துறைக்குள்ளிருந்தே பெண்கள் கேட்டிருக்கிறார்கள். 1985இல் லூயிஸ் ஃபோர்ட்மனும் டயான் ரோஷ்லோவும் எழுதிய கட்டுரை, பெண்களையும் வேளாண் காட்டையும் பற்றி நிலவிய நான்கு கட்டுக்கதைகளை எடுத்து உடைத்தது. பெண்கள் வீட்டோடு இருப்பவர்கள், உழவில் பெரிய பங்கில்லை. மரத்தோடு அவர்களுக்குப் பெரிய தொடர்பில்லை. எல்லாப் பெண்களுக்கும் கணவனோ ஆண் தலைமையுள்ள குடும்பமோ இருக்கிறது. பொதுக் காரியங்களில் அவர்களுக்குச் செல்வாக்கில்லை. நான்கும் பொய். கென்யாவின் கதாமா என்ற ஊரில் ரோஷ்லோ வேலை செய்தபோது, 1980களின் நடுவில் வந்த பஞ்சம் பெண்களின் தாவர அறிவை முன்னால் கொண்டுவந்தது. வேலியோரத்திலும் புதரிலும் இருந்த கீரை, பழம், மூலிகை எது என்று அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது. ஆராய்ச்சியாளர்கள் கொண்டுவந்த மர வரிசைகளைவிட, யாரும் நடாத அந்தப் புதர்கள் அந்த ஆண்டில் அதிகம் பயன்பட்டன. இந்தக் கட்டுரைகள் வந்து நாற்பது ஆண்டு ஆகிறது. அவை கேட்ட கேள்விகள் நம் சமவெளிக்கு இன்னும் பழசாகவில்லை.

முருங்கை, புளி, கொறங்காடு

எங்கள் மாவட்டத்தின் மேல்பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், சவுக்கு வேறு முள்முருங்கை வேறு என்று தெரியாதவர்கூடக் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களைப் பார்த்து வியப்பார்கள். துறையின் நூல்களும் அவற்றைப் போற்றுகின்றன. கீழே, வெயில் காய்கிற சமவெளியில், மரத்தோடு வாழ்வது அவ்வளவு அழகாகத் தெரியாது. ஆனால் பெண்ணுக்கும் மரத்துக்கும் உள்ள கணக்கு இங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

முருங்கையை எடுத்துக்கொள்வோம். ஒரு கொம்பை ஒடித்துப் புழக்கடையில் ஊன்றினால் வளர்ந்துவிடும் மரம் அது. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற பக்கம் வாழை, சற்றுத் தள்ளி முருங்கை, கறிவேப்பிலை. வீட்டுத் தோட்டம் என்ற தலைப்பில் இதையும் வேளாண் காட்டின் ஒரு வகையாகப் பாடநூல்கள் வைத்திருக்கின்றன. 1989இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து விதை மூலம் வளரும் செடிமுருங்கை, பி.கே.எம்.1, வெளியானது. ஓராண்டுக்குள் காய்க்கும். ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், அய்யலூர்ப் பக்கத்து வறண்ட நிலங்களில் அது பரவியது. ஒட்டன்சத்திரம் சந்தையில் காய் மலை மலையாகக் குவிந்தது. இது நல்ல செய்தி. வானம் பார்த்த பூமியில் குடும்பங்களைக் கரையேற்றிய பயிர் அது. அதே நேரத்தில் முருங்கை இடம் மாறியதையும் பார்க்க வேண்டும். புழக்கடை மரத்தின் காயை யாருக்குக் கொடுப்பது, எதை விற்பது என்று முடிவு செய்தவள் வீட்டுப் பெண். காட்டில் நிற்கும் முருங்கையின் காய் தரகரிடம் போகிறது. பணம் பட்டாக்காரர் கையில். அதே பெண் அங்கே காய் பறிக்கும் கூலி.

புழக்கடை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதுவும் எல்லோருக்கும் இல்லை. இரண்டு, மூன்று சென்ட்டில் வரிசையாகக் கட்டிய காலனி வீடுகளில், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. முருங்கைக் கொம்பு ஊன்ற இடம் எங்கே? தலித் பெண்களுக்கு மரம் என்பது பெரும்பாலும் அடுத்தவர் வரப்பிலோ புறம்போக்கிலோ நிற்பது. அவர்கள் காய்ந்த சுள்ளி பொறுக்கவும் ஒருவர் முகம் பார்க்க வேண்டும். பெண் என்று ஒரே கட்டத்தில் எல்லோரையும் எழுதினால், உழவர் குடும்பம் என்று எழுதியவர்கள் செய்த வேலையைத்தான் நாமும் செய்வோம்.

நத்தம் பக்கம் புளி காலத்தில் தெருக்களில் நடந்தால், திண்ணைதோறும் பெண்கள் புளி உடைத்துக்கொண்டிருப்பார்கள். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்க வேண்டும். கூலி எடைக்கு. மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர், உலுக்கியவர் ஒருவர், வியாபாரி ஒருவர். பெண் எந்த ஏலத்திலும் இல்லை. ஒரு மூதாட்டியிடம் இந்த மரமெல்லாம் யாருடையது என்று கேட்டேன்.

"மரம் யாருதோ, டீச்சரம்மா. புளி மட்டும் எங்க நகக்கண்ணுலதான் இருக்கு" என்று விரல்களை நீட்டிக் காட்டினார்.

நகக்கண் வெந்து கறுத்திருந்தது. ஒரு மரத்தின் பொருளாதாரம் என்று எழுதும்போது, அடிமரச் சுற்றளவும் காயின் எடையும் பதிவாகின்றன. காய் விற்கும் பொருளாக மாறுவது இந்த விரல்களில்தான். வேளாண் காட்டுப் பொருளாதாரத்தில் இது 'அறுவடைக்குப் பின்' என்ற தலைப்புக்குள் போய்விடுகிறது. அந்தப் பின்னுக்குள் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்!

மாவட்டத்தின் வடமேற்கே, கரூர், திருப்பூர் எல்லையை ஒட்டிய பகுதிகளில் கொறங்காடு உண்டு. கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். காங்கேயம் மாடும் ஆடும் மேய்வதற்கென்றே வைத்திருக்கும் நிலம். உலகம் வேளாண் காடு என்று பெயர் வைக்குமுன்பே இருந்த மேய்ச்சல் காடு அது. புல் காய்ந்த கோடையில் வெள்வேல நெற்று ஆட்டுக்குத் தீனியாகும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் கொறங்காடு புல்லாகவும் மரமாகவும் மாட்டினமாகவும் வருகிறது. நெற்று பொறுக்கிக் குட்டிக்கு ஊட்டுகிற, பால் கறக்கிற, எந்த ஆடு சினை என்று பார்த்தவுடன் சொல்கிற பெண், நன்றியுரையில்கூட வருவதில்லை.

ஆள் தேவையில்லாத பயிர்

இன்றைக்குத் தமிழ்நாட்டில் வேளாண் காடு என்றால் பெரும்பாலும் தடிமரம். சவுக்கு, தைலமரம், மலைவேம்பு. காகிதத்துக்கும் ஒட்டுப்பலகைக்கும் தீக்குச்சிக்கும் மூலப்பொருள். மேட்டுப்பாளையம் கல்லூரி, உழவரையும் ஆலையையும் ஒப்பந்தத்தால் இணைக்கும் தொழில்சார் வேளாண் காடுகளை வளர்த்தெடுத்திருக்கிறது. கரூர் அருகே உள்ள அரசின் காகித ஆலையும் உழவர் நிலங்களில் மரம் வளர்க்கிறது. 2021க்குப் பிறகு, தேக்கு, மகோகனி, செம்மரம், வேங்கை போன்ற கன்றுகளை உழவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் பசுமைப் போர்வை இயக்கமும் நடக்கிறது. 2014ஆம் ஆண்டுக் கொள்கையின் அக்கறைகளும் இந்தப் பக்கமே: வெட்டவும் ஏற்றிச் செல்லவும் உள்ள கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது, தரமான கன்று, கடன், காப்பீடு, சந்தை. வெட்டும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவருக்கு இவை உதவும்.

மரப்பயிரைப் பரிந்துரைக்கும்போது சொல்லப்படும் முதல் சாதகம், ஆள் அதிகம் தேவையில்லை என்பது. நிலக்காரர் பக்கம் நின்று பார்த்தால் நியாயம்தான். களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டுபடியாகவில்லை. ஆனால் அந்த 'ஆள்' யார்? களை எடுப்பது இந்தப் பகுதியில் பெண்களின் வேலை. கடலைக்காடு மலைவேம்புத் தோப்பாக மாறும்போது, நான்கைந்து பெண்களுக்கு ஆண்டுக்கு இத்தனை நாள் கூலி இல்லாமல் போகிறது. குனிந்து களை எடுத்து முதுகு போன வேலையை நான் போற்றிப் பாட வரவில்லை. அந்த வேலை போவதில் அவர்களே மகிழலாம். ஆனால் போனதற்கு ஈடாக என்ன வந்தது என்று யாராவது கேட்டு எழுத வேண்டாமா? வெட்டும் வேலையும் ஏற்றும் வேலையும் ஆண்களுக்கு. தோப்பைச் சுற்றிக் கம்பிவேலி வந்ததும் விறகும் புல்லும் போயின. நட்ட மரங்களின் எண்ணிக்கை அறிக்கையில் இருக்கிறது. போன கூலிநாட்களின் எண்ணிக்கை எந்த அறிக்கையில் தேடுவது?

இதுபோன்ற ஒன்றை நாம் முன்பும் பார்த்திருக்கிறோம். 1980களில் சுவீடன் நாட்டு நிதியுதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரி உள்வாய்களில் கருவேலம் நட்டார்கள். பொதுநிலம், பொதுமரம் என்பது நோக்கம். மரம் முற்றியதும் மொத்தமாக ஏலம் போனது. ஊராட்சிக்கு வருமானம் வந்தது. பொதுநிலத்தில் அன்றாடம் ஒடித்தும் பொறுக்கியும் பிழைத்தவளுக்கு, ஒரே நாளில் லாரியில் போகும் மரத்தால் என்ன பயன்? மரம் எத்தனை முறை பயன் கொடுக்கிறது என்ற கணக்கு அவளுடையது. எவ்வளவு கனமீட்டர் என்ற கணக்கு ஏலக்காரருடையது.

பாடத்திட்டத்துக்குச் சில கேள்விகள்

இந்தத் துறையில் இன்று பெண்கள் நிறையப் படிக்கிறார்கள், ஆராய்கிறார்கள். அவர்கள் வந்துவிட்டதாலேயே எல்லாம் மாறிவிடாது. கையில் கொடுக்கப்படும் படிவம் பழையதாக இருந்தால், பெண் நிரப்பினாலும் அது பழைய விடையைத்தான் கொடுக்கும். சுற்றளவு, உயரம், உயிர்பிழைத்த கன்றுகளின் சதவீதம், நிகர வருமானம் என்ற கட்டங்களோடு இன்னும் சில கட்டங்கள் வேண்டும்.

இந்த மரத்தை நட்டது யார், விட்டுவைத்தது யார்? தண்ணீர் ஊற்றுவது யார்? காயும் தழையும் சுள்ளியும் யாருக்கு? வெட்டலாம் என்று சொல்லும் வாய் யாருடையது, வெட்டாதே என்று சொன்னால் கேட்கப்படும் வாய் யாருடையது? விற்ற பணம் எந்தக் கைக்குப் போனது? இந்த மரம் வருமுன் இங்கே யார் வேலை செய்தார்கள், இப்போது அவர்கள் எங்கே? இவற்றை வீட்டுத் தலைவரிடம் கேட்டு எழுதக் கூடாது. திண்ணையில் புளி உடைப்பவளிடமும், வரப்பில் சுள்ளி பொறுக்குபவளிடமும் கேட்க வேண்டும்.

இது ஆகாத காரியம் அல்ல. எங்கள் மாவட்டத்திலேயே, மருத்துவர் சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் உருவாக்கிய காந்திகிராமத்தில், 1956 முதல் கிராமியக் கல்வி நிறுவனம் இருக்கிறது. கிராமத்தைப் பாடமாகப் படிக்கலாம், கிராமத்துப் பெண்ணிடம் பாடம் கேட்கலாம் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தமிழ்த்துறை மாணவிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. மரத்தோடு பெண்கள் செய்யும் வேலைகளுக்கு வட்டாரத்தில் உள்ள வினைச்சொற்களைத் திரட்டுங்கள். ஒடி, கழி, உலுக்கு, பொறுக்கு, உடை, உரி, ஆய், காயவை, விட்டுவை. ஒவ்வொன்றும் ஒரு தனி அறிவு. அவற்றை 'பராமரிப்பு' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் அந்த அறிவும் போய்விடும், அதற்குரிய கூலியும் போய்விடும்.

அடுத்து, சொத்து. எந்தத் திட்டமானாலும் கன்று கொடுக்கும்போது கூடவே உரிமையும் எழுதப்பட வேண்டும். கணவர் பெயரில் பட்டா இருந்தாலும் மரத்தில் மனைவிக்குப் பாதி என்று பதிவு செய்யலாம். பொதுநிலத்து மரத்தில் பொறுக்கும் உரிமையை நிலமற்ற பெண்கள் குழுவுக்கு எழுத்தில் கொடுக்கலாம். தடிமரத் தோப்பு ஒப்பந்தத்தில் கிளையும் சுள்ளியும் யாருக்கு என்று ஒரு வரி சேர்க்கலாம். கொள்கை எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வரி. கூட்டுக் குடும்பத்தில் வாய் திறக்க முடியாத மருமகளுக்கு அது காட்ட ஒரு காகிதம்.

வேளாண் காடு என்ற துறை, பிரித்துவைத்த இரண்டைத் திரும்பச் சேர்க்கப் பிறந்தது. காட்டையும் கழனியையும் அது சேர்த்துவிட்டது. மரத்தையும் அதை விட்டுவைத்தவளின் பெயரையும் சேர்ப்பது மிச்சம் இருக்கிறது. கள ஆய்வுக்குப் போகிற மாணவிகள் அளவு நாடாவோடு இந்தக் கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள். விடை தெரிந்தவர்கள் அங்கே வெயிலில் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.